அபர்டீன் பஜாரிலிருந்து வெளிநாடு போகும் வழி

ஊரில் உள்ளவர்களையெல்லாம் விமானம் ஏற்றிவிட்டு, தான் மட்டும் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர்தான் வெளிநாட்டு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் தொழில்.

போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் கீழே எங்கள் வீட்டுக்காரர் சலீம் சூட்கேஸ் விற்கிறார். மாடியில் நான் படிவம் நிரப்புகிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், அடிக்கடி கோபித்துக்கொள்ளும் ஒரு பிரிண்டர், பாஸ்போர்ட் போட்டோ எடுக்கச் சுவரில் ஒரு வெள்ளைத் துணி, இவ்வளவுதான் சொத்து. பதினெட்டு வருடமாகிறது. பஜாரில் தமிழ் பேசுகிறவர்களுக்கு நான் ஜரீனா லாத்தா, மற்ற எல்லாருக்கும் தீதி, இரண்டுக்கும் அக்கா என்றுதான் பொருள். என் விண்ணப்பம் பாஸ் ஆனால் அவர் பெட்டி விற்கும் என்பதால் எங்கள் இல்லறம் ஒற்றுமையாக நடக்கிறது.

ஆறு பக்கம் நிரப்பி முடித்து ஏழாம் பக்கம் போகும்போது, 'உங்கள் நேரம் முடிந்தது, முதலிலிருந்து தொடங்கவும்' என்று திரையில் பார்த்தவரா நீங்கள்? போட்டோவில் இடது காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவரா? நேற்றுவரை இருந்த விதி இன்று காலை மாறிவிட்டது என்று கேட்டு, வாங்கிய டீயைக் குடிக்காமல் வைத்தவரா? அப்படியானால் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே வரிசையில் நின்று கால் கடுத்தவர்கள்.

சின்ன வயசுக் கனவு

முன்பெல்லாம் 'நான் ஏன் உங்கள் நாட்டுக்கு வர விரும்புகிறேன்' என்ற கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுப்பேன். இப்போது எல்லாரும் போனிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஏஐ எழுதிய கடிதத்தைப் பிரித்துப் பார்க்காமலேயே முதல் வரியைச் சொல்லிவிடுவேன். 'சிறு வயதிலிருந்தே எனக்கு' என்றுதான் அது ஆரம்பிக்கும். ஒரே நாளில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் சமையல்காரர், ஒருவர் கணக்கர், ஒருவர் கடலுக்குள் டைவிங் சொல்லிக்கொடுப்பவர். மூவருக்கும் சிறு வயதிலிருந்தே அந்தந்தத் தொழிலின்மேல் தீராத தாகம்.

நாலாவதாக ராஜு வந்தான். கப்பல் பட்டறையில் வெல்டர், கெட்டிக்காரன். அவனுடைய கடிதத்தில், ஐந்து வயதிலேயே தீப்பொறிகளைப் பார்த்து நட்சத்திரங்கள் என்று மயங்கி நின்றதாகவும், அன்றே வாழ்க்கைப் பாதையைத் தேர்ந்தெடுத்ததாகவும் இருந்தது. படிக்கும்போது எனக்கே கண் கலங்கியது. "ராஜு, இதெல்லாம் நிஜமா?" என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

"அஞ்சு வயசுல எனக்கு பஸ் கண்டக்டர் ஆகணும்னுதான் ஆச லாத்தா. விசில் அடிக்கலாம்ல. அத எழுதுனா வெல்டர் விசா குடுப்பானா?"

மூன்று நாள் கப்பல்

தங்கராஜ் அண்ணன் டெலானிபூரில் இருக்கிறார். கான்ட்ராக்டரிடம் மேஸ்திரி. வளைகுடாவில் ஒரு கட்டட வேலைக்குத் தானே படிவம் நிரப்பி, சரிபார்க்க மட்டும் என்னிடம் கொண்டுவந்தார். 'கடந்த பத்து ஆண்டுகளில் சென்ற வெளிநாடுகள்' என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் சென்னை ஒன்பது முறை, விசாகப்பட்டினம் ஒரு முறை, கொல்கத்தா இரண்டு முறை என்று எழுதியிருந்தார். கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் 'கல்யாணத்துக்காக' என்று காரணமும் இருந்தது.

எனக்கு வந்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. தீவில் பிறந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டுதான். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதையெல்லாம் மெயின்லேண்ட் என்கிறோம். "உன் மச்சான் எங்கே?" என்றால் "மெயின்லேண்ட்ல", "இந்த மாம்பழம்?" என்றால் "மெயின்லேண்ட் சரக்கு". சில பேர் "இந்தியா போயிட்டு வர்றேன்" என்றே சொல்லிவிட்டுக் கப்பல் ஏறுவார்கள். ஆனால் அதை அரசாங்கப் படிவத்தில் எழுதுவார்களா? அடுத்த ஒரு வருடத்துக்கு மாடிப்படி ஏறி வந்த அத்தனை பேரிடமும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். அண்ணன் மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"தீவுக்காரன்னு ஐலண்டர் கார்டு காட்டி, டிக்கெட்டுக்கு லைன்ல நின்னு, மூணு நாள் கப்பல்ல வாந்தி எடுத்து, நாலாம் நாள் கரைய பாக்குறேன். இது வெளிநாடு இல்லன்னா வேற எதும்மா வெளிநாடு?"

கேரண்டி முடிந்த பெட்டி

இனி கலைச்செல்வியைச் சொல்லவேண்டும். ஏர்போர்ட்டை ஒட்டிய லம்பா லைனில் அப்பாவோடு இருக்கிறாள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஆனால் கான்ட்ராக்ட் நர்ஸ். பதினோரு வருடமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த ஆறு மாதம் உண்டா இல்லையா என்ற தாளுக்காகக் காத்திருக்கிறாள். அவளிடம் வேலை கற்றுக்கொண்டு போன பெண்கள் பெர்மனன்ட் ஆகி, இப்போது அவளுக்கே டியூட்டி போடுகிறார்கள். இங்கே பெர்மனன்ட் வேலைக்கான வயது அவளுக்குத் தாண்டிவிட்டது. கடல் தாண்டினால் இன்னும் தாண்டவில்லை. அவளுக்கு வெளிநாடு என்பது பனியும் இல்லை, போட்டோவும் இல்லை. முடிவு தேதி போடாத ஒரு வேலைத் தாள், அவ்வளவுதான்.

முதல் நாட்டுக்கு அவள் ஆங்கிலப் பரீட்சை எழுதிப் பாஸாகி மதிப்பெண் கையில் வந்தபோது, அந்த நாடு சம்பள வரம்பை உயர்த்தி இவளை வெளியே நிறுத்திவிட்டது. இரண்டாவது நாடு, இவள் பணம் கட்டிய மறு வாரம் அந்தப் பிரிவையே மூடிவிட்டது. மூன்றாவது நாட்டின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. வெளியே சொன்னால் அதற்குள் அவர்களும் விதியை மாற்றிவிடுவார்கள் என்று கலைச்செல்விக்குப் பயம். அந்த நாட்டு மொழியை ஒன்றரை வருடம் படித்தாள். ஊசி, கட்டில், போர்வை என்று வீடெல்லாம் சீட்டு ஒட்டி வைத்தாள். ஃபிரிட்ஜின்மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்து அவள் அப்பாவே அந்த நாட்டுப் பாஷையில் தண்ணீர் கேட்கிற அளவுக்குப் போய்விட்டது.

முதல் நாட்டுக்கு மனுப் போட்ட அன்றே கீழே எங்கள் கடையில் நீல நிறத்தில் ஒரு பெரிய சூட்கேஸ் வாங்கியிருந்தாள். போன வருடம் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, ஜிப் நகரவில்லை என்றாள். எங்கள் ஊர் உப்புக்காற்றில் ஜிப் துருப்பிடித்து இறுகியிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சக்கரத்தில் தூசிகூட இல்லை. பில்லைப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

"கேரண்டி மூணு வருஷம்தாம்மா. பெட்டி சரியாத்தான் இருந்துச்சு, நாடுதான் லேட் பண்ணிடுச்சு."

ஊர் மாறியவர்

இது சின்னது. எங்கள் ஊர் போர்ட் பிளேர் என்ற பெயர் மாறி ஸ்ரீ விஜய புரம் ஆனபிறகு எனக்கு வந்த தலைவலிகளில் ஒன்று. ஒரு மளிகைக் கடைக்காரர் மகனுடைய பாஸ்போர்ட்டில் பழைய பெயர், புதிதாக வாங்கிய சான்றிதழில் புதிய பெயர். ஆன்லைன் படிவம் இரண்டையும் பார்த்துவிட்டு, 'நீங்கள் எப்போது இடம் மாறினீர்கள்? பழைய வீட்டைக் காலி செய்த தேதி என்ன?' என்று கேட்டது. தேதி போடாமல் அடுத்த பக்கம் போகாது. பையனிடம் கேட்டேன்.

"நான் எங்கயும் போகல லாத்தா. அதே வீடு, அதே கட்டில்ல படுத்திருந்தேன். ஊருதான் மாறிப்போச்சு."

திட்டுவதற்கு ஒரு ஆள்

'எல்லாம் போனிலேயே வந்துவிட்டதே, இனி உனக்கு என்ன வேலை?' என்று என்னைக் கேட்காதவர்கள் பஜாரில் இல்லை. எதிர்க்கடை வளையல்காரர் வாரத்துக்கு ஒருமுறை கேட்பார். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான். ஆனால் முகத்தில் காட்டமாட்டேன். "பதினெட்டு வருஷமா கை பழகுனது, மெஷின் வந்தா எனக்குத் திருத்தணும்?" என்பேன். கலைச்செல்வி ஒருமுறை, "எதுக்கும் படிவத்தை ஏஐகிட்ட ஒரு தடவ காட்டிடலாமா லாத்தா?" என்று மெதுவாகக் கேட்டபோதும் இதையே சொல்லி அவள் வாயை அடைத்தேன். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னையே திருப்பி அடிக்கும்.

ஒருநாள் பிஸ்வாஸ் பாபு வந்தார். வங்காளி, மர வியாபாரம். மகளைப் பார்க்க வெளிநாடு போக விண்ணப்பம். எல்லாவற்றையும் போனிலேயே தன் கையால் முடித்துவிட்டார். ஒரு தப்பும் இல்லை. நான் சரிபார்த்து, "சப் டீக் ஹை பாபு, எல்லாம் சரியா இருக்கு, இனி நான் எதுக்கு?" என்றேன். அவர் போனை என் பக்கம் தள்ளி, கடைசிப் பட்டனை நான்தான் அமுக்கவேண்டும் என்றார். ஏன் என்று கேட்டதற்கு அவர் இந்தியில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"நான் அமுக்கி ரிஜெக்ட் ஆனா யாரைத் திட்டுவேன் தீதி? மெஷினைத் திட்டினா அது மன்னிப்பு கேட்டுட்டு மறுபடி அதையே செய்யும். நீங்கன்னா முகம் இருக்கு."

மெஷினிடம் ஒரு கேள்வி

மூன்றாவது நாட்டில் ஒரு ஆஸ்பத்திரி கலைச்செல்வியை இன்டர்வியூவுக்கு அழைத்தது. இன்டர்வியூ எடுப்பது ஆள் இல்லை, ஏஐ. திரையில் ஒரு பெண் குரல் கேள்வி கேட்கும், பச்சை விளக்கு எரிந்ததும் பதில் சொல்லவேண்டும். லம்பா லைனில் அவள் வீட்டுக்கு மேலேயே விமானம் இறங்கும் என்பதால் என் மாடிக்கு வந்தாள். இங்கே விமானம் இல்லை, ஆட்டோ உண்டு. எங்கள் வீட்டுக்காரர் கீழே இறங்கி நின்று, ஹாரன் அடிக்க வந்த ஒவ்வொரு ஆட்டோவையும் கைகூப்பித் தடுத்தார். இருபது நிமிடம் பஜார் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

கலைச்செல்வி இஸ்திரி போட்ட யூனிஃபார்மில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். நான் மேஜைக்கு அந்தப் பக்கம், மூச்சு விடாமல். ராத்திரி டியூட்டி, மருந்து அளவு, கோபப்படும் நோயாளி என்று மெஷின் கேட்டது. இவள் அந்த நாட்டு மொழியில் நிதானமாகச் சொன்னாள். ஒவ்வொரு பதில் முடிவிலும் பழக்கதோஷத்தில் "எஸ் சிஸ்டர்" என்றும் சேர்த்துக்கொண்டாள். கடைசியில் அந்தக் குரல், 'என்னிடம் உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?' என்றது. இதற்கு நாங்கள் ஒரு கேள்வியைத் தயார் செய்து வைத்திருந்தோம். ஆஸ்பத்திரியின் பயிற்சி வசதிகளைப் பற்றி. இவள் அதை விட்டுவிட்டு, மனதில் பதினோரு வருடமாக இருந்ததைக் கேட்டுவிட்டாள். 'நீங்கள் அங்கே பெர்மனன்டா, கான்ட்ராக்டா?'

மெஷின் ஒரு வினாடி நின்றது. பிறகு, 'இது மிக நல்ல கேள்வி, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று சொல்லி வேறு எதையோ பேசி முடித்துக்கொண்டது. போச்சு, இன்னொரு நாடும் போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன். கலைச்செல்வி கேமராவை மூடிவிட்டுத் திரையைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நேரா பதில் சொல்லாம சுத்துது பாருங்க லாத்தா. பாவம், அதுவும் கான்ட்ராக்ட்தான்."

மெயின்லேண்ட் என்ற நாடு

இன்டர்வியூவில் அவள் பாஸ் என்று பத்தாம் நாள் தகவல் வந்தது. வேலைத் தாளும் வந்தது. அதில் முடிவு தேதி இல்லை. அவள் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். விசா படிவத்தை நானே நிரப்பினேன். கைரேகை வைக்கச் சென்னை போய்வந்தாள். ஐந்து நிமிட வேலைக்கு இரண்டு மணி நேர விமானம். அதற்கு மேல் காத்திருப்புதான்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பலமுறை படித்ததில் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. 'விண்ணப்பதாரர் தன் நாட்டுக்கு வெளியே, மெயின்லேண்ட் என்ற நாட்டில் நான்கு ஆண்டுகள் தங்கிப் படித்ததாகத் தெரிவித்துள்ளார். எங்கள் பட்டியலில் அப்படி ஒரு நாடு இல்லை. அதன் தற்போதைய பெயரைத் தெரிவிக்கவும். மேலும், மெயின்லேண்ட் நாட்டுக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழைப் பதினான்கு நாட்களுக்குள் அனுப்பவும். தவறினால் விண்ணப்பம் மூடப்படும்.' இதில் இன்னொரு குத்தும் இருந்தது. அடுத்த மாதம் முதல் அந்த நாட்டில் புது விதி. மூடிவிட்டால் மறுபடி போடும் மனுவுக்கு மொழிப் பரீட்சையில் அடுத்த படியும் தேறியிருக்கவேண்டும். இன்னும் ஒரு வருடப் படிப்பு. அதற்குள் ஆஸ்பத்திரி காத்திருக்காது.

கலைச்செல்வி கடிதத்தை என் மேஜையில் விரித்து வைத்தாள். "யாரு லாத்தா இப்படி எழுதுனா?" என்றாள். எனக்கு எப்படித்தான் அந்த வார்த்தை வந்ததோ, யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "எல்லாம் இந்த ஏஐ பண்ற வேலைம்மா, தானா எதையாவது நிரப்பிடும்" என்றேன். அவள் நம்பினாள். தன் போனை ஒரு பார்வை பார்த்துவிட்டு டியூட்டிக்குப் போனாள். படியில் டீயோடு ஏறி வந்த எங்கள் வீட்டுக்காரர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். டம்ளரை மேஜையில் வைத்தார்.

"படிவம் நிரப்புன அன்னிக்கு ஊர் பூரா நெட் இல்லையே ஜரீனா. நீ வெறும் கம்ப்யூட்டர்ல தட்டி வச்சு, மறுநாள்தானே அனுப்புன. மெஷின் எந்த வழியா உள்ள வந்துச்சு?"

ஒரு வாக்குமூலம்

படிவத்தைத் திறந்து பார்த்தேன். பார்க்கவே தேவையில்லை, ஞாபகம் வந்துவிட்டது. அன்று "நர்சிங் எங்கம்மா படிச்ச?" என்று கலைச்செல்வியிடம் கேட்டேன். "மெயின்லேண்ட்லதான் லாத்தா, மதுரைல" என்றாள். என் கை 'நாடு' என்ற கட்டத்தில் மெயின்லேண்ட் என்று தட்டியது. 'நாட்டுக்கு வெளியே தங்கியது உண்டா?' என்பதற்கு 'ஆம்' என்றும் தட்டியது. ஒரு வருடம் தங்கராஜ் அண்ணனைச் சொல்லிச் சிரித்த அதே கை. வெட்கம் கெட்டுப்போய், அந்தப் பக்கத்தை ஏஐயிடம் காட்டினேன். கண்மூடித் திறப்பதற்குள், 'மெயின்லேண்ட் என்பது ஒரு நாடு அல்ல என்று நினைக்கிறேன், சரிபார்க்கவும்' என்று பணிவாகச் சொன்னது. அந்தப் பணிவுதான் தாங்கமுடியவில்லை.

மறுநாள் லம்பா லைனுக்கு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். எனக்கு அழுகையும் வந்தது, ஒளிக்கவில்லை. அவள் வீட்டு வாசல் கதவிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, கதவுக்கு அந்த நாட்டில் என்ன பெயரோ அது. உள்ளே போனதும் நின்றபடியே சொல்லிவிட்டேன். "ஏஐ இல்லம்மா. நான்தான் எழுதினேன். உங்கிட்ட பொய் வேற சொன்னேன்."

அவள் அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். மேலே ஒரு விமானம் சத்தத்தோடு இறங்கியது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். பிஸ்வாஸ் பாபு சொன்னதுபோல், முகம் உள்ளவள் நான்தானே.

"பதினோரு வருஷமா என் தாள் ஏன் லேட்டாச்சுன்னு கேக்குறேன் லாத்தா. செக்ஷன் தப்புன்னாங்க, சிஸ்டம் தப்புன்னாங்க, டெல்லி தப்புன்னாங்க. 'என் தப்பு'ன்னு ஒரு ஆள் சொல்லி இன்னிக்குத்தான் கேக்குறேன். உக்காருங்க, டீ போடுறேன்."

ஐந்து வரிக் கடிதம்

டீயைக் குடித்துவிட்டு விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். அவசரத்துக்கு முதலில் ஏஐயிடமே கேட்டோம். 'சிறு வயதிலிருந்தே எனக்கு மெயின்லேண்ட் மீது ஆழ்ந்த ஈடுபாடு' என்று ஆரம்பித்தது. போனை மூடினேன். நானே எழுதினேன், ஐந்தே வரி. 'நாங்கள் தீவில் வசிக்கிறோம். கடலுக்கு அப்பால் உள்ள இந்தியாவை மெயின்லேண்ட் என்று அழைப்பது எங்கள் வழக்கம். அது தனி நாடு அல்ல, எங்கள் நாடுதான். அப்படி எழுதியது விண்ணப்பதாரர் அல்ல, படிவம் நிரப்பிய நான். தவறு என்னுடையது.' கீழே என் பெயரும் கையெழுத்தும். கூடவே ஒரு வரைபடத்தை வைத்து, எங்களையும் மதுரையையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். நடுவில் இருந்த கடலின் அகலத்தைப் பார்த்தாவது அந்த அதிகாரிக்கு இரக்கம் வரட்டும்.

பன்னிரண்டாம் நாள்வரை பதில் இல்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. செய்தி பஜாரில் பரவி, தங்கராஜ் அண்ணன் படியேறி வந்தார். வளைகுடாவுக்குப் போய்விட்டு லீவில் வந்திருந்தார். வெளிநாடு பார்த்த களை முகத்தில் தெரிந்தது. பதிலுக்குச் சிரிக்கப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எதிரில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"விடும்மா. நான் போன எடத்துல ஃபிளைட்ல ஆறு மணி நேரம், வாந்தியே வரல. மெயின்லேண்டுதான் தூரம்."

முதல் முறையா?

பதிமூன்றாம் நாள் பதில் வந்தது. 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று ஒரே வரி. அடுத்த வாரம் விசா. எங்கள் வீட்டுக்காரர் நீலப் பெட்டிக்கு, துருப்பிடிக்காத பிளாஸ்டிக் ஜிப்பைத் தன் கையால் தைத்துக் கொடுத்தார். கேரண்டி பற்றி யாரும் பேசவில்லை. லம்பா லைனிலிருந்து ஏர்போர்ட் கூப்பிடு தூரம்தான். இருந்தும் இரண்டு ஆட்டோ நிறைய ஆள் போனோம். கலைச்செல்வி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நாட்டுப் பாஷையில் ஏதோ சொன்னாள். அவர் அதே பாஷையில் தண்ணீர் கேட்டார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எல்லாரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே அழுதோம்.

இரண்டு நாள் கழித்துக் குரல் செய்தி வந்தது. பின்னணியில் அந்த நாட்டு ஏர்போர்ட்டின் அறிவிப்பு. கலைச்செல்வி மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில் பேசியிருந்தாள். கீழே கடையிலிருந்த எங்கள் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, இரண்டு தடவை போட்டுக் கேட்டோம்.

"கவுண்டர்ல ஒரு அம்மா, மெஷின் இல்ல லாத்தா, நெஜ ஆளு, 'சொந்த நாட்ட விட்டு வெளிய வர்றது இதான் மொத தடவையா'ன்னு கேட்டாங்க. உங்கள நெனச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நல்லா யோசிச்சுத்தான் 'ஆமா'ன்னு சொன்னேன்."

விதி மாறட்டும், மெஷின் எழுதட்டும், போகிறவர்கள் போகட்டும், 'என் தப்பு' என்று சொல்ல முகமுள்ள ஒருத்தி தேவைப்படும்வரை அபர்டீன் பஜார் மாடியில் என் நாற்காலி பெர்மனன்ட்தான்.